கடைத் தொலைபேசிக்கும் காவல் வேண்டும்

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு தொழில் செய்பவர்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அரிசி ஆலையும் தீவனக் கடையும். பாலக்காடு நகரில் ஜவுளியும் பாத்திரமும். வண்டன்மேடு, குமுளியில் ஏலக்காய் வியாபாரம். மூணாறு, தேக்கடியில் தங்கும் விடுதி. இவர்களில் பலரது கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும். இரண்டு மூன்று வெளி இணைப்புகளைப் பத்துப் பதினைந்து உள் தொலைபேசிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டி. இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று அதற்குப் பெயர். நம்மவர்கள் 'இன்டர்காம் பெட்டி' என்பார்கள். மாட்டிவிட்டுப் போனவரோடு அதன் கதை முடிந்தது. பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரயில்வே தனக்கென்று சொந்தத் தொலைபேசி வலையை வைத்திருக்கும் துறை. அங்கே வேலை பார்த்த பழக்கத்தில், எந்தக் கடைக்குப் போனாலும் என் கண் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். ஆகவே அதைப் பற்றிச் சில விஷயங்களை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முன்பெல்லாம் இந்தக் கவலை நமக்கு இல்லை. தொலைபேசிக் கருவி இலாகாவுக்குச் சொந்தம். 1948ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஐ.டி.ஐ. நிறுவனம் கருவிகளைச் செய்து கொடுத்தது. அதன் ஆலை ஒன்று நம் கஞ்சிக்கோட்டிலும் உண்டு. கருவி கெட்டால் லைன்மேன் வருவார். இடி விழுந்து எரிந்தாலும் இலாகா பாடு. இன்று அப்படியில்லை. கருவியை நாம் கடையில் வாங்குகிறோம், நாமே ஆள் வைத்து மாட்டுகிறோம். சொந்தம் நமக்கு வந்தபோது பொறுப்பும் கூடவே வந்துவிட்டது. சொந்தத்தைப் புரிந்துகொண்ட அளவுக்குப் பொறுப்பை நாம் புரிந்துகொள்ளவில்லை.

பாலக்காட்டில் பிடிபட்ட 'எக்ஸ்சேஞ்ச்'

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெங்களூரில் 32 சிம் பெட்டிகள் பிடிபட்டன. ஒரே சமயத்தில் 960 சிம் கார்டுகளை இயக்கக்கூடியவை அவை. அடுத்த மாதம் கோழிக்கோட்டில் பல இடங்களில் சோதனை நடந்தது. செப்டம்பரில் நம் பாலக்காட்டிலேயே, மேட்டுப்பாளையம் தெருவில், ஒரு கடைக்குள் இப்படிப்பட்ட திருட்டு எக்ஸ்சேஞ்ச் இயங்கியதைப் போலீசார் கண்டுபிடித்தார்கள்.

இது எப்படி நடக்கிறது? வளைகுடா நாட்டிலிருந்து ஒருவர் ஊருக்குப் பேசுகிறார். முறைப்படி அந்த அழைப்பு சர்வதேச நுழைவாயில் வழியாக வர வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, பதிவும் உண்டு. இவர்கள் அதை இணையத்தின் வழியே கொண்டுவந்து, சிம் பெட்டியில் செருகியுள்ள உள்ளூர் சிம் ஒன்றின் மூலம் இறக்கிவிடுவார்கள். வீட்டில் எடுப்பவருக்கு ஏதோ உள்ளூர் மொபைல் எண்தான் தெரியும். அரசுக்கு வருவாய் நஷ்டம் என்பது சிறிய விஷயம். பேசியவர் யார், எந்த நாட்டிலிருந்து பேசினார் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து. பணம் பறிக்கும் மோசடிக்காரர்களுக்கும் இந்த வழிதான் வசதி.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். இத்தகைய வேலைக்குத் தேவை ஓர் அறை, மின்சாரம், இணையம், ஊரில் நல்ல பெயருள்ள ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். "மாடி அறை சும்மாதானே கிடக்கிறது? ஒரு சிறிய பெட்டி வைத்துக்கொள்கிறோம், ஆள் நடமாட்டமே இருக்காது, வாடகை இரண்டு பங்கு தருகிறோம்" என்று யாராவது வந்தால், அங்கேயே விழித்துக்கொள்ள வேண்டும். ஆளில்லாத அறைக்கு ஊர் வழக்கத்தைவிட அதிக வாடகை எதற்கு? ஒரு பெட்டிக்குப் பல ஆண்டெனாக்களும் கட்டுக்கட்டாகச் சிம் கார்டுகளும் எதற்கு?

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்துள்ளது. அதன் தண்டனைப் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளன. அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். தனி நபர் ஒருவர் பெயரில் ஒன்பது சிம்முக்கு மேல் இருக்கக்கூடாது. மீறினால் முதல் முறைக்கே ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் உள்ளன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் செலவில்லாமல் பார்க்கலாம். ஆதார் நகலை யார் யாருக்கோ கொடுத்து மறந்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

பூட்டு இருக்கிறது, பூட்டவில்லை

வாடகைக்கு விடுவது தெரிந்து நுழைய விடுவது. தெரியாமலும் நுழைவார்கள். இன்றைய இன்டர்காம் பெட்டிகள் பல இணையத்தோடு இணைக்கப்பட்டவை. கோவையிலிருந்தே டெக்னீஷியன் உள்ளே புகுந்து சரிசெய்து கொடுப்பார். அவர் நுழையும் கதவில் மற்றவர்களும் நுழையலாம். ஆலையிலிருந்து வரும்போது போட்டிருந்த '1234' போன்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால், வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

உள்ளே வந்தவன் என்ன செய்வான்? உங்கள் இணைப்பிலிருந்து நிமிஷத்துக்கு அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு எண்களைத் தொடர்ந்து அழைப்பான். அந்தக் கட்டணத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. சனிக்கிழமை இரவு கடை பூட்டியதும் ஆரம்பித்தால் திங்கட்கிழமை காலை வரை கேட்பாரில்லை. பொங்கல், ஓணம் விடுமுறை என்றால் இன்னும் வசதி. மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் நமக்குத் தெரியும். அழைப்பு உங்கள் பெட்டியிலிருந்து போயிருப்பதால் பில்லும் உங்கள் பெயரில்தான் வரும்.

தடுப்பது கடினமல்ல. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால், இணைப்பு தரும் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். வெளியிலிருந்து பெட்டிக்கு அழைத்து, அதன் வழியே மறுபடி வெளியே பேசும் வசதி ஒன்று உண்டு. டி.ஐ.எஸ்.ஏ. என்பார்கள். அது நமக்கு வேண்டியதே இல்லை, மூடிவிடச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போன ஊழியரின் உள் எண்ணையும் ரகசிய எண்ணையும் அன்றே நீக்குங்கள். தொலைவிலிருந்து பழுது பார்க்கும் வசதி, பழுது பார்க்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கட்டும். பாஸ்வேர்டு டெக்னீஷியனின் தலையில் மட்டும் இருக்கக்கூடாது. ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, இரும்புப் பெட்டியில் வையுங்கள். அவர் தொழிலை விட்டுப் போனாலும் உங்கள் பெட்டி உங்கள் கையில் இருக்கும்.

வாரண்டி அட்டையில் எழுதாதது

நம் மலைப்பகுதியில் வாரண்டிக்கு முதல் எதிரி இடி. ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும், அக்டோபர், நவம்பர் துலா மழையிலும் பிற்பகலில் தொடங்கி இரவு வரை இடி முழங்குவது நாம் அறிந்ததே. இடியால் எரிந்த பலகைக்கு வாரண்டி கிடையாது. ஆலையில் நேர்ந்த குறைக்குத்தான் வாரண்டி. இடி, மழைநீர், எலி, மின் அழுத்த ஏற்றத்தாழ்வு, கண்டவர் திறந்து பார்த்தது ஆகியவற்றால் வரும் பழுதை எந்த நிறுவனமும் வழக்கமாக ஏற்பதில்லை.

ஆகவே எர்த் தான் உண்மையான வாரண்டி. பெட்டியின் கையேட்டில் எர்த் எத்தனை ஓம்ஸுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். மாட்டும் நாளிலேயே அளந்து, அந்த அளவை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இடுக்கிப் பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பது சிரமம். ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துக் குழி எடுக்க வேண்டும். கோடையில் அளவு ஏறிவிடும் என்பதால் வருடம் ஒரு முறை அதே பருவத்தில் அளந்து பார்க்க வேண்டும். தொலைபேசிக்கு ஓர் எர்த், மின்சாரத்துக்கு ஓர் எர்த் என்று தனித்தனியாக விட்டுவிடுவதும் தவறு. இடி விழும் கணத்தில் இரண்டுக்கும் இடையே ஏற்படும் மின் அழுத்த வேறுபாடு பெட்டியின் வழியாகத்தான் பாயும். இரண்டையும் முறையாக இணைக்க வேண்டும்.

கம்பி உள்ளே நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் போட வேண்டும். அதுவும் சில இடிகளுக்குப் பின் செத்துப்போகும், மாற்ற வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வான்வழியே செம்புக் கம்பி இழுப்பது இடியை வீட்டுக்கு அழைப்பதாகும். மலைச்சரிவில் தனித்தனிக் காட்டேஜ் கட்டியவர்கள் அந்த இடங்களில் ஃபைபர் போட்டால் நிம்மதி.

பில் விஷயத்துக்கு வருவோம். எல்லை தாண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று பில்லில்லாமல் வாங்கினால் வாரண்டி காகிதத்தோடு சரி. பில்லில் கருவியின் சீரியல் எண் இருக்க வேண்டும். பழுது பார்க்கும் நிலையம் கேரளத்தில் உண்டா, அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவைக்கோ சென்னைக்கோ போக வேண்டுமா என்பதை வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். தன் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. தானே கல்லாவில் உட்காரும் சிறு கடைக்காரர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். நாற்பது அறை விடுதி நடத்தும் நிறுவனத்துக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம். அவர்களுக்குக் கைகொடுப்பது வாங்கும்போது எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான். எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், மாற்றுப் பெட்டி தருவார்களா என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

முத்திரையைப் பாருங்கள்

2019 அக்டோபர் முதல் இந்தியாவில் விற்கப்படும் இன்டர்காம் பெட்டிகளுக்கு, மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் சான்று கட்டாயம். டி.இ.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மின் அதிர்ச்சி தராதா, மற்றக் கருவிகளைத் தொந்தரவு செய்யாதா, தொலைபேசி வலையோடு ஒழுங்காகப் பொருந்துமா என்றெல்லாம் சோதித்துத் தருவது அந்தச் சான்று. அதை வாங்க வேண்டியவர் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். ஆனால் பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நம் வேலை. கூட வரும் அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு எண் 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கி அச்சாகியிருக்கும். முத்திரையில்லாத சரக்கு இருநூறு, முந்நூறு மலிவாகக் கிடைக்கலாம். தீப்பிடித்த பிறகு அந்த இருநூறு எந்த மூலைக்கு?

112 போகிறதா?

இத்தனையும் பணத்தைப் பற்றியது. உயிரைப் பற்றிய ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், 2013 டிசம்பரில், ஒரு மோட்டல் அறையில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவருடைய ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியில் அவசர எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு போகவில்லை. அந்த மோட்டலில் வெளி இணைப்புக்கு முதலில் 9ஐ அழுத்த வேண்டும். குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அந்தத் தாயின் பெயரால் 2018ல் அங்கே சட்டமே வந்தது. புதிதாக அமைக்கும் பெட்டிகளில் அவசர எண் நேரடியாகப் போக வேண்டும் என்பது 2020 பிப்ரவரி முதல் அங்கே விதி.

நம் ஊரில் அவசர எண் 112. ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101. நம் விடுதிகளில் முதல் மாடி அறைகளுக்கு 101, 108, 112 என்றே எண் கொடுத்து, அதையே உள் தொலைபேசி எண்ணாகவும் வைத்துவிடுகிறார்கள். விருந்தாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 108 அழுத்தினால், மணி அடிப்பது பக்கத்து அறையில்! அறை எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேர்த்து 3101, 3108 என்று மாற்றிவிட்டு, அவசர எண்களை நேரே வெளியே விடும்படி பெட்டியில் பதியச் சொல்லுங்கள். டெக்னீஷியனுக்கு அரை மணி நேர வேலை.

மின்சாரமும் கவனிக்க வேண்டியது. பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் அது இல்லை. நம் பெட்டிக்குக் கரண்ட் இருந்தால்தான் பேச்சு. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேரைப் பறிகொடுத்தோம். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. அதை நாம் மறக்க முடியாது. மலையில் தொழில் செய்பவர்கள் பெட்டிக்கும் ஃபைபர் கருவிக்கும் சேர்த்துப் பேட்டரி வைத்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று மெயினை அணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

அன்பர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பில் எங்கே, முத்திரை இருக்கிறதா, பாஸ்வேர்டு மாறியதா, எர்த் அளந்தது எப்போது, பேட்டரி தாங்குமா, அறையிலிருந்து 112 போகுமா? இந்த ஆறு கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள், நாளை கல்லாவில் உட்காரப்போவது அவர்கள்தானே.