பள்ளமா, பாதையா? வரைபடத்தில் யார் சொல்வது செல்லும்?

செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், தொண்டாமுத்தூர் பக்கம் வறண்டு கிடக்கும் பள்ளம்கூட மண்பாதை மாதிரியே தெரியும். மழை வந்தால் அதில் தண்ணீர் ஓடும் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

பிரிட்டனில் 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப்’பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கோ இருப்பவர் பள்ளத்தைப் பாதை என்று வரைந்துவிட்டால், அதை நம்பி வருகிற வண்டி என்ன ஆகும்?

களத்தில் இருப்பதே வரைபடத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி. அதனால் நேரில் பார்த்தவர் சொல்லுக்கே மதிப்பு. ஆளாளுக்கு மாற்றி மாற்றி அழித்தால், அதன் அறக்கட்டளையின் தரவுப் பணிக்குழு தலையிடும்; கணக்கையும் முடக்கும். ஆள் வைத்து வரையும் நிறுவனங்கள் உள்ளூர் ஆர்வலர்களிடம் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது 2018 வழிகாட்டி.

ஆனால், உள்ளூரில் வரைபவரே இல்லையென்றால் தவறைச் சுட்டிக்காட்ட யாருமில்லை. கணக்குத் தொடங்குவது இலவசம்தான்.