சங்கற்பத்துக்கு ஒரு கொழுகொம்பு

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையிலுள்ள நாலந்தாவிலிருந்து எழுதிய ஆசிரியர் ஒருவர், அயலூர் மிளகுச் செய்கையாளர்களுக்காகத் தாம் மாதந்தோறும் வெளியிட எண்ணிய செய்திமடல் தொடக்கத்திலேயே தடுமாறுவதாகவும், ஆசை சிறிதும் குன்றாதிருக்க அவகாசம் மட்டும் அகப்படாமற் போவது ஏனென்றும் வினவியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி 2012 வரை நடத்திய டொமினிக் ஜீவா, ஓய்வு வரட்டும் என்று காத்திருந்தால் முதல் இதழே அச்சேறியிராது. ஆகவே நேரத்தின் அளவை விட்டு, ஆசை செயலாகும் அந்தக் கணத்தை ஆராய்வதே உசிதம்.

கோல்விட்சர், பிராண்ட்ஸ்டெட்டர் என்னும் உளவியலாளர் இருவர் 1997இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், நத்தாருக்கு முந்திய மாலையைக் கழித்த விதத்தை இரண்டு நாட்களுக்குள் எழுதியனுப்புமாறு மாணவர்களைக் கேட்டனர். எப்போது, எவ்விடத்தில் அமர்ந்து எழுதுவதென்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் எழுதி முடிக்க, குறிக்காதவர்களில் மூவரில் ஒருவரே முடித்தார்.

'இன்னது நேர்ந்ததும் இன்னது செய்வேன்' என்று ஒருமுறை உறுதியாக மனத்தில் பதித்துவிட்டால், அந்த நேர்வின் அடையாளம் நினைவின் மேற்பரப்பிலேயே விழித்திருந்து, கண்ணிற் பட்ட மாத்திரத்தில், செய்வதா வேண்டாமா என்ற ஆலோசனைக்கு இடமின்றிச் செயலை எழுப்பிவிடுகிறது என்பதே இதிலுள்ள ஆச்சரியம். நாலந்தா வட்டாரத்து மிளகுக்கொடி உணவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது; கிளிரிசிடியா மரத்திடம் அது வேண்டுவது, கணுக்களில் விடும் வேர்களுக்குப் பற்றிக்கொள்ள ஓரிடம். சங்கற்பமும் அவ்வாறே. 'நேரம் கிடைக்கும்போது' என்பது வழுக்குகிற கம்பம். 'மாதத்தின் முதற் சனிக்கிழமை, காலைத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்ததும், முன்விறாந்தை மேசையில்' என்பது சொரசொரப்பான பட்டை. உளுத்த கம்பில் ஏற்றிய கொடி கம்போடு சாயும். ஒழுங்காய் நிகழாத நிகழ்ச்சியில் ஏற்றிய சங்கற்பமும் சாயும். காலத்தில் கவ்வாத்துச் செய்யாத மரம் நிழல் மிகுந்து காய்ப்பைக் குறைப்பது போல, தேநீர் வேளையில் வேறு அலுவல்கள் வந்து கிளைத்தால் எழுத்து மெலியும்.

  

இருபத்தொரு நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற பிரசாரத்தை நம்பற்க. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அறுவை வைத்தியர் 1960இல், உருமாறிய முகத்துக்கு மனம் பழகக் குறைந்தது இருபத்தொரு நாள் ஆகும் என்று எழுதியதே திரிந்து அவ்வாறாயிற்று. லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை ஆராய்ந்து 2010இல் அச்சிட்ட கட்டுரையில், பழக்கம் படிவதற்கு 18 முதல் 254 நாட்கள் வரை கணிக்கப்பட்டன. அவையோ தினசரிச் செயல்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையே நிகழும் மடல் வெறும் பழக்கத்தின் பலத்தில் ஓடுமென எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒவ்வோர் இதழும் தபாலில் சேர்ந்த அன்றே, அடுத்ததற்குரிய நாளையும் வேளையையும் இடத்தையும் நாட்காட்டியில் புதிதாக எழுதிவைப்பதே நான் சிபாரிசு செய்யும் உபாயம்.