முதுகுத் தெளிப்பானின் பாட்டரியைச் சோதித்தலும் மாற்றுதலும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் முதலிய தாலுகாக்களில், கைப்பிடியை அடித்து மருந்து தெளிக்கும் கருவியை விட்டுப் பாட்டரியால் இயங்கும் முதுகுத் தெளிப்பானைக் கையாளும் விவசாயிகள் பெருகியிருக்கிறார்கள். வேலை எளிது, கூலியும் மிச்சம். ஆனால் நெற்பயிரில் புகையான் கண்டு, மறுநாளே தூர்களில் மருந்து படவேண்டிய சமயத்தில், கருவி அரைமணி நேரத்தில் ஓய்ந்துபோனால் வரும் நஷ்டம் கொஞ்சமன்று. புகையான் காத்திராது, வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்துவிடும். அத்தருணத்தில் பதறிக் கடைக்கு ஓடுவோரிற் சிலர் நல்ல பாட்டரியையே கழித்துவிடுகின்றனர். வேறு சிலர் செத்த பாட்டரிக்கு நாள்தோறும் மின்னேற்றிக் காலத்தைப் போக்குகின்றனர். இவ்விரண்டையும் பகுத்தறியும் வழி அனைவருக்கும் தெரிந்திருத்தல் நலம்.

இக்கருவிகளிற் பெரும்பாலானவற்றில் உள்ளது 12 வோல்ட்டு, 8 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய ஈயப் பாட்டரியாகும். 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே என்பவர் அமைத்த ஈயக்கலத்தின் வழிவந்ததே இதுவும். கந்தகத் திராவகம் ததும்பாதபடி பெரும்பாலும் கண்ணாடி நார் விரிப்பில் ஊறி நிற்கும். உள்ளே ஆறு அறைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அறையும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்டுத் தரும். நுகத்தில் ஒரு காளை படுத்துக்கொண்டால் ஏர் நிற்பதுபோல, ஓர் அறை கெட்டாலும் பாட்டரி உதவாது.

முதலில் பாட்டரியின்மேல் பழி போடலாகாது. பாட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் பியூஸ் எரிந்திருக்கலாம். இணைப்பு முளைகளில் பச்சைக்களிம்பு பூத்திருக்கலாம். மருந்துநீர் பட்டு ஸ்விட்சு துருப்பிடித்திருக்கலாம். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட்டு பாட்டரியைக் கழற்றி, சிவப்புக்குச் சிவப்பும் கறுப்புக்குக் கறுப்புமாகத் தெளிப்பானில் இணைத்துப் பார்த்தால், குற்றம் பம்பிலா பாட்டரியிலா என்பது உடனே வெளியாகும்.

குற்றம் பாட்டரியில்தான் எனத் தெரிந்தபின் வேண்டுவது ஒரு மல்டிமீட்டர். இரவு முழுதும் மின்னேற்றி, சில மணி நேரம் சும்மா வைத்திருந்து அளக்கவேண்டும். 12.7 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் நன்று. 10.5 வோல்ட்டை ஒட்டி நின்றால் ஓர் அறை உள்ளே ஒட்டிச் செத்துவிட்டது என்க. இத்தகைய பாட்டரியில் சார்ஜரின் சிவப்பு விளக்கு பச்சையாக மாறாது. மற்ற ஐந்து அறைகளும் அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்டுப் பெட்டி சுடும். உடனே நிறுத்திவிடவேண்டும். 12.7 காட்டியும், பம்பை ஓடவிட்ட சிறிது நேரத்தில் 10.5-க்குக் கீழே விழுந்தால், அளவு நிறைந்ததுபோல் தோன்றினும் கொள்ளளவு போய்விட்டது என்பது பொருள். இதில் பச்சை விளக்கு சில நிமிஷங்களிலேயே எரிந்துவிடும். விரைவில் ஏறிவிட்டதென்று மகிழ்வோரைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

இரண்டாவது வகைக் கேட்டிற்குப் பெரும்பான்மைக் காரணம் உழைப்பன்று, சும்மா கிடத்தலே. தை அறுவடைக்குப் பின் அரைகுறை மின்னேற்றத்தோடு கொட்டிலில் போட்ட கருவியை, அடுத்த போகத்திற்கு அணையில் தண்ணீர் திறக்கும்போதுதான் எடுக்கிறோம். இடையிற் சித்திரை வெயில். மின்சாரம் தானே வடிய, ஈயத் தகடுகளில் ஈய ஸல்பேட் படிகம் கெட்டிப்பட்டுவிடுகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மல்லிகைத் தோட்டக்காரர்கள் மொட்டுப்புழுவுக்காக அடிக்கடி தெளித்து அடிக்கடி ஏற்றுவதால் அவர்களுடைய பாட்டரிகளுக்கு இந்நோய் குறைவு. நெல் விவசாயிகள் மாதம் ஒருமுறையாவது முழுதும் ஏற்றி நிழலில் வைப்பது சிலாக்கியம்.

படிகம் முற்றாத பாட்டரியைச் சிறிது மீட்கலாம். 0.4 ஆம்பியர் அளவில், 14.7 வோல்ட்டைத் தாண்டாமல், ஒரு பகலும் இரவும் ஏற்றி, பம்பை ஓட்டி இறக்கி, இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்க. எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடுமாதலால் அடுப்பு, விளக்கு அண்டாத தாழ்வாரத்தில் வைக்கவேண்டும். முன் ஓடிய நேரத்தில் பாதியேனும் ஓடாவிட்டால் ஆசையை விட்டுவிடலாம். மூடியைப் பெயர்த்துத் தண்ணீர் விடும் வைத்தியம் சிற்சில வாரம் பலிப்பதுண்டு. திராவகம் கண்ணில் தெறிக்கும் அபாயத்தை நோக்க, நாம் அதைச் சிபார்சு செய்வதில்லை.

டிராக்டர் பாட்டரியில் ஒவ்வோர் அறையையும் ஹைட்ராமீட்டரால் தனித்தனியே சோதிக்கலாம். ஐந்து அறைகள் 1.240 காட்ட, ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அதுவே நோயாளி. மேலே தார் வார்த்த பழைய ரப்பர்ப் பெட்டிகளில் அவ்வறையை மட்டும் எடுத்து மாற்றுவது வழக்கமாயிருந்தது. உருக்கி ஒட்டிய இக்காலப் பெட்டிகளில் அது இயலாது. குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். திராவகமும் ஊற்றலாகாது, ஆவியாய்ப் போனது நீரேயன்றித் திராவகமன்று.

லிதியம் கலங்கள் வைத்த தெளிப்பான்களும் வந்துள்ளன. இவற்றில் உப்பியதையும், ஒரு கலம் 2.5 வோல்ட்டுக்குக் கீழிறங்கியதையும் மீட்க முயல்வது தீயோடு விளையாடுவதாகும். கலங்களை மாற்றுவது பயிற்சியுடையோர் வேலை. ஈயத்திற்குப் பதில் லிதியம் வைப்போர் சார்ஜரையும் அதற்கேற்றதாக மாற்றவேண்டும்.

புதிய ஈயப் பாட்டரி வாங்குகையில் வோல்ட்டு, ஆம்பியர்-மணி, பெட்டியின் அளவு மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். தயாரித்த மாதத்தைக் கேட்டறிக. கடையிலேயே மீட்டர் வைத்து 12.5-க்குக் குறைந்ததை வாங்கற்க. அது அலமாரியிலேயே கிழமாகியிருக்கும்.

கழித்த பாட்டரியைக் கொட்டிலிலோ குப்பைமேட்டிலோ எறிதல் பெரும் தீங்கு. உடைந்த தகட்டை மாடு விரும்பி நக்கும். ஈய நஞ்சு ஏறிய கன்று கண் தெரியாமல், பல்லை நறநறவெனக் கடித்து, தலையைச் சுவரில் முட்டி, வலிப்பு கண்டு சாகும். ஈயத்தை வீட்டில் உருக்குவதால் எழும் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். கிராம அதிகாரிகள் இதை எங்குக் கண்டாலும் தடுக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. ஆகவே பழையதை விற்பனையாளரிடமே கொடுத்து, அதன் எடையையும் புதியதின் கிரயத்தில் கழித்த தொகையையும் ரசீதில் குறித்து வாங்கிக்கொள்க.