கேஸ் மாத்திரையாலும் அலர்ஜி வரலாம்

பல் பிடுங்கிக்கொண்டு வருபவர் கையில் பெரும்பாலும் மூன்று மாத்திரைகள் இருக்கும்: ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, வெறும் வயிற்றில் போட ஒரு ‘கேஸ் மாத்திரை’. சற்று நேரத்தில் உடம்பெல்லாம் அரித்துத் தடித்தால் பழி முதல் இரண்டின் மீதுதான் விழும். மூன்றாவதையும் சந்தேகிக்க வேண்டும்.

பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரேபிப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைப்பவை. பெரும்பாலோருக்கு இவை ஒத்துக்கொள்ளும், ஒவ்வாமை அரிது. வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பு போட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்பதும் உத்தரவாதம் அல்ல.

அறிகுறிகள்

உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் வரும். தாமதமாக வரும் வகையில், சில நாட்களோ வாரங்களோ கழித்து சொறி, காய்ச்சல், வாய்ப்புண், தோல் கொப்புளம் தோன்றலாம்; அரிதாகச் சிறுநீரகமும் அழற்சியுறும்.

மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம், நடக்க விடாதீர்கள். உயிர் காக்கும் மருந்து, தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. அறிகுறிகள் அடங்கிய பிறகும் திரும்ப வரலாம் என்பதால் சில மணி நேரம் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

கண்டறிவது எப்படி?

எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்ற விவரமே மருத்துவருக்கு முதல் துப்பு. மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் கழித்து, ஒவ்வாமை நிபுணர் தோலில் மருந்தை வைத்து மெல்லக் குத்திப் பார்ப்பார். அங்கே தடித்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. தடிக்காவிட்டால் ஒவ்வாமை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தேவைப்பட்டால் மருத்துவமனையில் சிறு அளவில் தொடங்கி மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். கடுமையான தோல் கொப்புளம் வந்தவர்களுக்கு இந்தச் சோதனை கூடாது.

மாற்று மருந்து

ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் ஏறக்குறைய ஒரே மருந்து. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதற்கு மாறிப் பயனில்லை. சிலருக்கு லான்சோப்ரசோல் ஒத்துக்கொள்ளும். சிலருக்கு இந்தக் குடும்பமே ஆகாது. ஃபமோட்டிடின் இந்தக் குடும்பத்தில் சேராத வேறு வகை. எதையும் வீட்டில் போட்டுச் சோதிக்காதீர்கள்.

ஒரே மருந்து பல பிராண்டுகளில், வேறு மருந்துகளுடன் கலந்தும் விற்கிறது. ஆகவே ஆகாத மருந்தின் மூலப்பெயரைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும் ஒவ்வொரு முறையும் அதைக் காட்டுங்கள்.