நான்கு ஊசியும் நான்கு நாள் கூலியும்: நாய்க்கடிச் சிகிச்சையை உரிமையாகக் கோருவோம்

வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ், அறிகுறிகளோடு வெளிப்பட்டுவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் கடிபட்ட உடனேயே உரிய சிகிச்சையை முறையாகப் பெற்றவர்களுக்கு அந்நோய் ஏறக்குறைய வருவதே இல்லை. இதற்கான தடுப்பூசியை லூயி பாஸ்டர் முதன்முதலாக 1885இல் ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர் என்றும் உலக நல நிறுவனம் மதிப்பிடுகிறது. மருந்து உண்டு, அது உரியவரிடம் உரிய நேரத்தில் சேரவில்லை.

2025 ஆகஸ்டில் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளை ஒட்டி நாடெங்கும் பெரும் விவாதம் எழுந்தது. நாய்களை எங்கே வைப்பது என்பதே அதன் மையமாக இருந்தது. கடிபட்டவர் எங்கே செல்வார், அங்கே மருந்து இருக்குமா, நான்கு முறை சென்றுவர அவரால் இயலுமா என்ற கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அந்தக் கேள்விகளையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

யார் கடிபடுகிறார்கள்?

நாய் சாதி பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் நாய்களும் மனிதர்களும் எங்கே எதிர்ப்படுகிறார்கள் என்பதைச் சாதி பெருமளவு தீர்மானிக்கிறது. விடியுமுன் ஆளரவமற்ற தெருக்களில் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். குப்பைக் கிடங்குகளும் இறைச்சிக் கழிவு கொட்டும் இடங்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளை ஒட்டியே அமைக்கப்படுகின்றன. கழிவு சேரும் இடத்தில் நாய்களும் சேரும். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை இன்றும் பல ஊர்களில் ஒரு சாதியின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. வெறிநோய் கண்டு இறந்த மாட்டின் எச்சிலோ மூளைத் திசுவோ கையிலுள்ள வெட்டுக்காயத்தில் பட்டால் அதுவும் நோய்த்தொற்றுக்கு வழியாகலாம். ஐயத்துக்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் சுமார் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக நல நிறுவனம். பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின் தெருவில் விளையாடும் பிள்ளைகளை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

சிகிச்சை என்பது என்ன?

கிருமி கடிவாயிலிருந்து நரம்புகளின் வழியே மூளையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் அதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அந்த இடைவெளியில் கிருமியை முந்திக்கொள்வதே சிகிச்சை. அது மூன்று படிகளைக் கொண்டது.

முதலாவது, காயத்தைக் கழுவுதல். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அயோடின் போன்ற கிருமிநாசினி இட வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. கட்டுப்போட்டு மூடுவதும் அவசரப்பட்டுத் தையல் போடுவதும் தவிர்க்கப்பட வேண்டும். குழாய் இல்லாத வீட்டில் குடத்து நீரைச் செம்பால் இடைவிடாது ஊற்றிக் கழுவலாம்.

இரண்டாவது, தடுப்பூசி. தோலுக்குள் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு முறை. தசையில் செலுத்தும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் ஐந்து முறை. முதல் ஊசி போடும் நாளே 0ஆம் நாள். தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசிகளைப் பற்றிய அச்சம் நம் மக்களிடையே இன்னும் நீங்கவில்லை. ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. இன்று ஊசி பெரியவர்களுக்குப் புயத்திலும் சிறு குழந்தைகளுக்குத் தொடையிலும் போடப்படுகிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், கைக்குழந்தைகள் அனைவரும் போட்டுக்கொள்ளலாம்; போட்டுக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாவது, பலரும் அறியாதது: இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்து. தடுப்பூசியால் உடல் தன் எதிர்ப்பாற்றலை உருவாக்கிக்கொள்ள ஏறத்தாழ ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை காயத்திலேயே கிருமியைத் தடுத்து நிறுத்த இம்மருந்தைக் கடிவாயின் உள்ளும் சுற்றிலும் செலுத்துகிறார்கள். இரத்தம் கசியும் காயம், தோல் கிழிந்த கடி, வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு இம்மருந்து கட்டாயம். முதல் ஊசியோடு கிடைக்காவிட்டால் 7 நாள்களுக்குள் பெற்றாக வேண்டும். தோலில் கீறலோ சிராய்ப்போ மட்டும் ஏற்பட்டு இரத்தம் வராதது இரண்டாம் வகை. அதற்குத் தடுப்பூசி போதும். எனினும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அதிலும் இம்மருந்து தேவைப்படும்.

நாயை 10 நாள் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஊசியைத் தொடங்கிவிட்டே கவனிக்க வேண்டும். கடிபட்டுப் பல நாள்கள் கடந்திருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கக் கூடாது. இடையில் ஒரு தவணை தவறினால், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தடை எங்கே?

அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தினக்கூலி பெறுபவருக்கு நான்கு முறை செல்வது என்பது நான்கு நாள் கூலியை இழப்பது. பிள்ளைக்குக் கடி என்றால் உடன்செல்லும் தாயின் கூலி போகிறது. மூன்றாம் ஊசியோடு நின்றுவிடுபவரை ‘அறியாமை’ என்று பழிப்பது எளிது. அவர் அந்த நாளில் அடுப்பெரிய வேண்டியதைக் கணக்கிட்டிருப்பார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் விடுப்பு கேட்டால் மறுநாள் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இருந்தாலும் இம்யூனோகுளோபுலின் பல இடங்களில் இருப்பதில்லை. ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்ற ஒரு சொல்லோடு அனுப்பப்படும் ஏழை, அங்கே போய்ச் சேராமலே வீடு திரும்பிவிடுவதுண்டு. 15 நிமிடம் ஓடும் நீர் என்னும் எளிய அறிவுரைகூட, குழாயில் நாள் தவறாமல் நீர் வரும் தெருவுக்கே பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்பின் 21ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையை உறுதிசெய்கிறது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பின. அவருக்காக மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை தரத் தவறுவது 21ஆம் பிரிவை மீறுவதாகும். நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து தப்ப முடியாது என்றது அத்தீர்ப்பு. மூன்றாம் வகைக் கடியோடு வருபவருக்கு மருந்தில்லை என்று கைவிரிக்கும் இடத்திலும் இந்நெறி பொருந்தும் என்பதே நம் வாதம்.

தீண்டாமையின் காரணமாக மருத்துவமனையில் அனுமதி மறுப்பது, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுழைவதைத் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் தண்டனைக்குரியது. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு வேலை கொடுப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் நம் சட்டம் ஏற்ற நெறி. குப்பை அள்ளும்போது பட்ட நாய்க்கடியும் அவ்வகைக் காயமே.

மருந்து இருப்பில் உள்ளதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். உயிர் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு. ஆனால் விடைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. மருத்துவமனைச் சீட்டில் கடியின் வகை, செலுத்திய மருந்து, அடுத்த தவணை நாள் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். மருந்து இல்லை என்றால், இல்லை என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள். பின்னாளில் வழக்கு நிற்பது அந்தத் தாளின் மேல்தான்.

நம் கோரிக்கைகள் நான்கு. வட்டார அளவிலேனும் இம்யூனோகுளோபுலின் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். இல்லாதபோது நோயாளியை அரசு வாகனத்திலேயே அடுத்த மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். ஊசி போடும் நாள்களுக்குக் கூலியுடன் கூடிய விடுப்பும், கூலி வேலை செய்வோருக்கு ஈட்டுத்தொகையும் வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கும், செத்த விலங்குகளை அகற்றுவோருக்கும் கடிபடுமுன்பே தடுப்பூசி போடப்பட வேண்டும். சாதியின் பெயரால் சுமத்தப்படும் அந்த வேலை முடிவுக்கு வர வேண்டும்.

நாய்களால் பரவும் ரேபிஸை 2030க்குள் ஒழிப்பதாக ஒன்றிய அரசு 2021இல் செயல்திட்டம் அறிவித்தது. சேரியில் கடிபட்ட பிள்ளைக்கு 28ஆம் நாள் ஊசியும் தவறாமல் கிடைத்ததா என்பதைக் கொண்டே அந்தத் திட்டத்தை நாம் அளப்போம்.