படங்களுக்கு இடையே பிறக்கும் கதை

காத்தான்குடிக் கரையோரம், மட்டக்களப்பு வாவியிலே ஒருவர் வீச்சுவலை எறிவதை நான்கு நிழற்படங்களாக எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதற் படத்தில் வலையைத் தோளில் இட்டவராய் நீரை உற்று நோக்குகிறார். இரண்டாவதில் வலை வட்டமாக விரிந்து வெளியில் நிற்கிறது. மூன்றாவதில் குனிந்து வலையை இழுக்கிறார். நான்காவதில் அவருடைய பறி மட்டும் தெரிகிறது. அது வெறுமையாக இருக்கிறது.

நான்கும் அசையாப் படங்களே. வலை நீரில் விழும் கணம் எந்தப் படத்திலும் இல்லை. ஆயினும் அவற்றை வரிசையாகக் காண்போர் அக்கணத்தையும் கண்டதாகவே உணர்வர். இடைவெளியை அவர்களுடைய மனமே நிரப்பிக்கொள்கிறது. படவரிசைக் கலையின் அடிப்படை இதுவே.

இடைவெளி மிகச் சிறிதானால் அசைவு தோன்றும். 1878 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருசேர நிலத்தை விட்டெழும் கணமொன்று உண்டென்பது அப்படங்களால் விளங்கிற்று. 1913 இல் 'ராஜா அரிச்சந்திரா'வை வெளியிட்ட தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்னரே, பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை விட்டுவிட்டுப் படம்பிடித்துத் தொடராக ஓட்டிக் காட்டினார். பல நாள் வளர்ச்சி சில நிமிடங்களுள் அடங்கியது.

இடைவெளி பெரிதானாலோ, அசைவு மறைந்து கதை தோன்றும். பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ் மார்க்கர் 1962 இல் ஏறக்குறைய 28 நிமிடத் திரைப்படமொன்றைப் பெரும்பாலும் அசையாப் படங்களைக் கொண்டே அமைத்தார். அதில் உறங்கும் பெண்ணொருத்தி கண் திறக்கும் ஒரே கணம் மட்டும் அசைகிறது. மற்றவையெல்லாம் அசையாதிருப்பதாலேயே அச்சிறு அசைவு நெஞ்சைத் தொடுகிறது.

இனி, வலைக்காரரின் படங்களை மாற்றி அடுக்கிப் பாருங்கள். வெறும் பறியை இறுதியில் வைத்தால் அது ஏமாற்றத்தின் கதை. அதனையே முதலில் வைத்தால், மீண்டும் முயலும் ஒருவரின் கதை. படங்கள் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. ஆகவே, அடுக்குகின்ற கைக்கு ஒரு பொறுப்பு உண்டு.

இப்பொறுப்பு கலைஞருக்கு மட்டும் உரியதன்று. 1978 நவம்பரில் இப்பகுதியைச் சூறாவளி தாக்கிற்று. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை தாக்கிற்று. இடிந்த சுவரொன்றின் படம் இவ்விரண்டில் எதற்குரியது என்பதைச் சுவர் சொல்லாது. நாளும் இடமும் அறியாமல் அடுக்கினால் ஒரு துயரின் சான்று மற்றொன்றின் வரிசையில் நுழைந்துவிடும். பார்ப்பவர் மனமோ ஐயுறாமல் இடைவெளியை நிரப்பிக்கொள்ளும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். அவற்றின் வரிசையை அறிந்த பெரியவர்கள் உடனிருக்கும்போதே, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நாளையும் இடத்தையும் பென்சிலால் மெல்லக் குறித்துவையுங்கள். அவர்கள் மறைந்தபின் படங்கள் எஞ்சும், வரிசை எஞ்சாது.