சிறிய கேமரா: படத்தின் தரத்தை மதிப்பிடுவது எப்படி?

கையடக்க டிஜிட்டல் கேமரா வாங்கச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவன, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணும் ஜூம் எண்ணும்தாம். இரண்டுமே பொய்யான எண்கள் அல்ல என்றாலும், அந்தக் கேமரா எடுக்கும் படம் எப்படியிருக்கும் என்பதை அவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. படத்தின் தரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது நுணுக்கம், தூய்மை, வெளிச்சத்தையும் நிழலையும் ஒருங்கே காட்டும் வீச்சு, நிறம் எனப் பல பண்புகளின் தொகுப்பாகும். ஒன்றில் சிறந்து விளங்கும் கேமரா மற்றொன்றில் பின்தங்கக்கூடும். சென்சாரில் எவ்வளவு ஒளி சேர்கிறது, அந்த ஒளியை லென்ஸ் எவ்வளவு பிசகின்றிக் கொண்டுவந்து சேர்க்கிறது, கிடைத்த தகவலைக் கேமராவுக்குள் இருக்கும் செயலி எப்படிப் பக்குவப்படுத்துகிறது ஆகிய மூன்றுமே இப்பண்புகளைத் தீர்மானிக்கின்றன. நல்ல வெயிலில் ஏறக்குறைய எல்லாக் கேமராக்களும் நல்ல படமே எடுக்கும் என்பதால், வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த படத்தைக் கொண்டு கேமராவை எடைபோடுவதே சரியான முறை.

மெகாபிக்சல் சொல்வதும் சொல்லாததும்

லென்ஸ் வழியே வரும் ஒளி விழுகின்ற சிலிக்கான் சில்லு சென்சார் எனப்படுகிறது. அதன் மேற்பரப்பில் ஒளியை அளக்கும் நுண்ணிய கட்டங்கள் பிக்சல்கள். பத்து லட்சம் பிக்சல்கள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். ஆல்பத்தில் ஒட்டும் 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற உயர்ந்த அளவில் அச்சிடுவதற்குக்கூட 1,800 x 1,200 பிக்சல்கள், அதாவது சுமார் 2.2 மெகாபிக்சல் போதும். ஏ4 தாள் முழுவதும் நிறையும் படத்துக்கு ஏறத்தாழ 8.7 மெகாபிக்சலும், 4கே தொலைக்காட்சியின் திரை முழுவதற்கும் சுமார் 8.3 மெகாபிக்சலும் தேவைப்படுகின்றன. எனவே வீட்டுப் பயன்பாட்டுக்கு 10 அல்லது 12 மெகாபிக்சலே பெரும்பாலும் போதுமானது. அதற்கு மேற்பட்டது, படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்க நினைப்பவர்களுக்கே உதவும். மேலும், எண் இரு மடங்கானால் நுணுக்கமும் இரு மடங்காகிவிடாது. பிக்சல்கள் நீளத்திலும் அகலத்திலும் பரவியிருப்பதால், 12இலிருந்து 24 மெகாபிக்சலுக்கு மாறும்போது ஒரு பக்கத்தில் கிடைக்கும் கூடுதல் நுணுக்கம் ஏறத்தாழ 1.4 மடங்கு மட்டுமே.

பெரும்பாலான சென்சார்களில் ஒரு பிக்சல் ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கோடாக் நிறுவனத்தின் விஞ்ஞானி பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, பாதிப் பிக்சல்களின் மேல் பச்சை வடிகட்டியும், கால் பங்கின் மேல் சிவப்பும், எஞ்சிய கால் பங்கின் மேல் நீலமும் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் விடுபட்ட மற்ற இரு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு செயலி கணித்துக்கொள்கிறது. ஆகவே 20 மெகாபிக்சல் படம் என்பது முழு நிறத்தோடு அளக்கப்பட்ட இரண்டு கோடிப் புள்ளிகள் அல்ல.

எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதில் உள்ள சிக்கலைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டதற்கு ஒரு சான்று உண்டு. கேனான் நிறுவனம் 2008இல் வெளியிட்ட பவர்ஷாட் ஜி10 கேமராவில் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அதற்கு அடுத்து 2009இல் வந்த ஜி11இல், சென்சாரின் அளவை மாற்றாமலேயே, மெகாபிக்சலை 10ஆகக் குறைத்து, குறைந்த வெளிச்சத்தில் தூய்மையான படம் கிடைப்பதையே அதன் சிறப்பாக முன்வைத்தது.

சென்சாரின் பரப்பளவு

விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருந்தாலும் முதலில் தேடிப் படிக்க வேண்டிய விவரம் சென்சாரின் அளவுதான். மலிவான சிறிய கேமராக்களிலும், மிக நீண்ட ஜூம் கொண்டவற்றிலும் இருப்பது 1/2.3 அங்குலம் எனக் குறிக்கப்படும் சென்சார். அதன் உண்மையான அளவு ஏறக்குறைய 6.2 x 4.6 மில்லிமீட்டர், அதாவது 28 சதுர மில்லிமீட்டர். 1 அங்குலச் சென்சார் எனப்படுவது 13.2 x 8.8 மில்லிமீட்டர், 116 சதுர மில்லிமீட்டர். பரப்பில் முன்னதைப்போல் நான்கு மடங்கு. பெயரில் அங்குலம் இருந்தும் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லாததற்குக் காரணம், பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து அளவு சொல்லும் வழக்கம் இன்றும் தொடர்வதே. சட்டைப் பையில் அடங்கும் கேமராக்களில் 1 அங்குலச் சென்சாருக்குப் பரவலான இடம் கிடைத்தது, 2012இல் சோனியின் ஆர்எக்ஸ்100 வந்த பிறகுதான். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையிலும், 2013இல் வந்த ஜிஆர் முதலான ரிக்கோ கேமராக்களிலும் ஏபிஎஸ்-சி எனப்படும், சுமார் 370 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சென்சார் இருக்கிறது. அதற்கு ஈடாக அவற்றில் ஜூம் இல்லை.

பரப்பளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கான விடை ஒளியின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. ஒளி, துகள்களாக, சீரற்ற இடைவெளியில் வந்து விழுவதால், ஒரே வெளிச்சமுள்ள சுவரைப் படம் எடுத்தாலும் எல்லாப் பிக்சல்களுக்கும் ஒரே எண்ணிக்கை கிடைப்பதில்லை. சராசரியாக 100 துகள்கள் விழும் பிக்சல்களில் ஏறத்தாழ 10 துகள்கள் கூடும் அல்லது குறையும், அதாவது 10 சதவீத ஏற்றத்தாழ்வு. 10,000 துகள்கள் விழுமானால் ஏற்றத்தாழ்வு 100 துகள்கள், அதாவது 1 சதவீதம் மட்டுமே. இந்த ஏற்றத்தாழ்வுதான் படத்தில் பொடிப்பொடியாகவும் நிறத் திட்டுகளாகவும் தெரிகிறது. தொழில்நுட்பத்தில் இதற்கு இரைச்சல் என்று பெயர். வெளிச்சம் குறைந்த இடத்தில், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவதால் கேமராவுக்குக் கூடுதல் ஒளி கிடைத்துவிடுவதில்லை. கிடைத்த சமிக்ஞைதான் பெருக்கப்படுகிறது. ஐஎஸ்ஓ 100இல் தேவைப்படும் ஒளியில் பதினாறில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓ 1600இல் படம் எடுக்கப்படுவதால், இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகத் தெரிகிறது. பெரிய சென்சார் அதே காட்சியிலிருந்து அதிக ஒளியைச் சேர்ப்பதால், கல்யாண மண்டபத்திலும் மாலை நேரத் தெருவிலும் அதன் மேன்மை வெளிப்படுகிறது.

லென்ஸின் திறப்பும் கூர்மையும்

லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை எஃப் எண் குறிக்கிறது. எண் சிறியதானால் திறப்பு பெரியது, உள்ளே வரும் ஒளியும் அதிகம். ஜூம் லென்ஸ்களில் இரண்டு எஃப் எண்கள் தரப்பட்டிருக்கும்: முதலாவது அகலக் காட்சிக்கு, இரண்டாவது முழு ஜூமுக்கு. மேற்சொன்ன முதல் ஆர்எக்ஸ்100இல் அவை 1.8, 4.9, அதாவது முழு ஜூமில் சென்சாரை அடையும் ஒளி ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கேனான் 2014இல் வெளியிட்ட ஜி7 எக்ஸ் கேமராவில், அதே அளவுச் சென்சாரின் முன்னால் இருக்கும் லென்ஸின் எண்கள் 1.8, 2.8 என்பதால் இழப்பு பாதிக்குச் சற்று மேல்தான். குழந்தைகளின் மேடை நிகழ்ச்சியைத் தொலைவிலிருந்து எடுக்க விரும்புபவருக்கு, பெரிதாக விளம்பரப்படுத்தப்படும் முதல் எண்ணைவிட இந்த இரண்டாம் எண்ணே பயன் தருவது.

மிகச் சிறிய பிக்சல்களுக்கு இயற்பியலே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. குறுகிய துளை வழியே செல்லும் ஒளி சற்றே விரிவதால், எவ்வளவு நல்ல லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்காமல் சிறு வட்டமாகவே குவிக்கிறது. பச்சை ஒளிக்கு எஃப்/3.3 திறப்பில் அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 4.4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 4.4 பங்கு. 1/2.3 அங்குலச் சென்சாரில் 20 மெகாபிக்சலை அடைத்தால் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.2 மைக்ரான்தான், ஒரே புள்ளியின் ஒளி மூன்று பிக்சல்களுக்கு மேல் பரவிவிடுவதால், கூடுதலாகத் திணித்த பிக்சல்கள் கோப்பைப் பெரிதாக்குகின்றனவே ஒழிய, அதே அளவுக்கு நுணுக்கத்தைக் கூட்டுவதில்லை.

லென்ஸை நகர்த்திப் பெறும் ஆப்டிகல் ஜூம் வேறு, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் வேறு. 20 மெகாபிக்சல் கேமராவில் 4 மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தால் எஞ்சுவது 1.25 மெகாபிக்சல் மட்டுமே என்பதால், டிஜிட்டல் ஜூம் எண்ணை முற்றிலும் புறக்கணிக்கலாம்.

செயலியின் கைவண்ணம்

சென்சார் தந்த தகவலிலிருந்து இரைச்சலை நீக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கி, நிறங்களைச் சரிசெய்து, ஜேபெக் கோப்பாகச் சுருக்குவது செயலியின் வேலை. இரைச்சலையும் மெல்லிய நுணுக்கத்தையும் செயலியால் எப்போதும் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. அதனால் இரைச்சலை ஆவேசமாக நீக்கும் கேமராக்களில் தலைமுடி இழையிழையாகத் தெரியாமல் கருப்புப் பூச்சாகவும், முகத்தின் தோல் மெழுகாகவும், புல்வெளி பச்சைச் சாயமாகவும் மாறிவிடுகின்றன. கூர்மைப்படுத்துவது மிகையானால் வானத்தை ஒட்டிய கட்டட விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றும். சிறு படமாகப் பார்க்கையில் இத்தகைய படமே பளிச்சென்று தெரிவதால், பலர் இதையே தரம் என நினைத்து ஏமாறுகிறார்கள். ரா எனப்படும் பக்குவப்படுத்தாத கோப்பைச் சேமிக்கும் வசதி இருந்தால், செயலியின் முடிவுகளை ஏற்காமல் கணினியில் நிதானமாகத் திருத்தலாம். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை மட்டும் வைத்துக்கொள்ள, 12 பிட் ரா கோப்பு 4,096 படிநிலைகளைக் காக்கிறது.

கடையில் செய்யத்தக்க சோதனை

கேமராவின் பின்புறத் திரையில் படத்தைப் பார்த்து முடிவு செய்வது பெரும் தவறு. பத்து லட்சம் புள்ளிகள் எனக் குறிப்பிடப்படும் திரையில் ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள் கணக்கிடப்படுவதால், உண்மையில் இருப்பவை சுமார் 3.3 லட்சம் பிக்சல்களே. இரண்டு கோடிப் பிக்சல்களின் குறைகளை அது மறைத்துவிடும். ஆகையால் சொந்த மெமரி கார்டைக் கொண்டுசென்று, கடைக்காரரின் அனுமதியோடு, பரிசீலனையில் உள்ள எல்லாக் கேமராக்களிலும் ஒரே காட்சிகளை எடுத்துவந்து, வீட்டுக் கணினியில் ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

முதற் காட்சியாக, சுவரில் தட்டையாக ஒட்டிய தமிழ் நாளிதழின் வரிவிளம்பரப் பக்கத்தை, பிளாஷ் இல்லாமல், சட்டம் முழுவதும் நிறையும்படி நேராக நின்று எடுக்க வேண்டும். பொடி எழுத்துகளின் மேலுள்ள புள்ளி தெரிகிறதா, ணகரத்தின் சுழிகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று முதலில் நடுவிலும் பிறகு நான்கு மூலைகளிலும் பார்த்தால் லென்ஸின் தரம் புலப்பட்டுவிடும். மூலைகள் நடுப்பகுதியைவிடச் சற்று மங்கலாவது இயல்பு. ஆனால் இடப்பக்க மூலைகள் தெளிவாகவும் வலப்பக்க மூலைகள் கலங்கியும் இருந்தால், படம் கோணலாக எடுக்கப்படாத நிலையில், அந்தக் கேமராவின் லென்ஸ் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். பத்திகளின் ஓரக் கோடுகள் வளைந்திருக்கின்றனவா, கருப்பு எழுத்துகளின் ஓரத்தில் ஊதாநிறம் கசிகிறதா என்பவற்றையும் இதே படத்தில் காணலாம். இச்சோதனையை முழு ஜூமிலும் ஒருமுறை செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, கடை வெளிச்சத்தில் ஒருவரின் முகத்தை ஐஎஸ்ஓ 100, 400, 1600, 3200 என்னும் நான்கு அமைப்புகளில் எடுத்துப் பார்த்தால், எந்த எண்ணிலிருந்து முடியிழைகள் கலையத் தொடங்குகின்றன என்பது தெரியும். அந்த எண்ணே அந்தக் கேமராவின் நடைமுறை எல்லை. கருங்கூந்தலில் சூடிய மல்லிகையை வாசல் வெயிலில் எடுப்பது மூன்றாவது சோதனை: பூவின் இதழ்கள் வெறும் வெள்ளையாகக் கரையாமலும், கூந்தல் இருண்டுபோகாமலும் இருந்தால் ஒளி-நிழல் வீச்சு நன்றாக உள்ளது எனலாம். கடைசியாக, அடர்சிவப்புப் பட்டுத்துணியின் மடிப்புகள் தெரிகின்றனவா, அல்லது ஒரே சிவப்புப் பரப்பாகத் தெரிகிறதா என்று பார்த்தால், நிறத்தை மிகைப்படுத்தும் கேமரா பிடிபட்டுவிடும்.

ஒப்பிடுகையில், மெகாபிக்சல் வேறுபட்ட படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்பதே நியாயம். இரண்டையும் முழுமையாகப் பெரிதாக்கினால், அதிக மெகாபிக்சல் உள்ள படமே அதிகமாகப் பெரிதாக்கப்படும் என்பதால் அதன் குறைகள் மட்டும் கூடுதலாகத் தெரியும். பழைய கேமரா வாங்குபவர்கள் இவற்றோடு, லென்ஸுக்குள் கைவிளக்கைப் பாய்ச்சிப் பார்ப்பது அவசியம். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் லென்ஸின் உட்புறம் வலைபோலப் படரும் பூஞ்சை படத்தை மங்கலாக்கும்.

கைபேசி போதுமா?

இன்றைய கைபேசிகள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதன் மூலம் சிறிய சென்சாரின் குறையைப் பெருமளவு ஈடுசெய்கின்றன. ஒன்பது படங்களின் சராசரியை எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணிதம். ஆனால் ஓடியாடும் குழந்தை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும் என்பதால், அத்தகைய காட்சிகளில் இந்த உத்தி முழுப் பலன் தருவதில்லை. ஆகவே, நல்ல கைபேசி வைத்திருப்பவர் 1/2.3 அங்குலச் சென்சார் கொண்ட கேமராவை ஆப்டிகல் ஜூமுக்காக மட்டுமே வாங்கலாம். பறவைகளையும் மைதான விளையாட்டுகளையும் எட்ட நின்று எடுப்பவருக்கு அது உண்மையான பயனே. படத்தின் தரத்துக்காகவே வாங்குபவர் 1 அங்குலச் சென்சாருக்குக் குறைந்த எதற்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பட்ஜெட் அதற்கு எட்டாதபோது, புதிய மலிவான கேமராவைவிட, நன்றாகச் சோதித்துப் பார்த்த பழைய 1 அங்குலக் கேமராவே சிறந்த தேர்வாகும்.